ஆள்வினையும் சுற்றமும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் பணியுயர்வு பற்றிய ஓர் ஆய்வு

திருக்குறட் பொருட்பாலில் சுற்றந்தழால் 53ஆம் அதிகாரமாகவும் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இரண்டும் அரசியல் என்னும் ஒரே இயலின்பாற் பட்டவை. ஒருவன் தன் முயற்சியால் உயர்தலும், தன்னைச் சார்ந்தாரைத் தழுவி நிற்றலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது இதனாற் பெறப்படும். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு, ஆதரவு குன்றிய காலங்களில் ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் எவ்வாறு தொழிலில் உயர்ந்தனர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று தேவை மிகுந்துள்ளது. அரசின் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் இனவேற்றுமை பாராது ஆளெடுக்க முனைந்து வழிசெய்தல் வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ஜான்சன் 1965இல் பிறப்பித்த 11246ஆம் ஆணை, 2025 ஜனவரி 21ஆம் நாள் நீக்கப்பட்டது. வால்மார்ட் 2024 நவம்பரிலும், மெட்டா 2025 ஜனவரியிலும் சிறுபான்மையரைப் பேணும் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. எனவே, இனிச் சிறுபான்மைத் தலைவர் தம் உயர்வைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும் என்னும் அறிவுரை பெருகி வருகின்றது. அவ்வறிவுரை வரலாற்றோடு பொருந்துமா என்பதே வினா.

முதற்கண் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரை நோக்குவாம். 1902இல் அம்மாநிலம் இயற்றிய புதிய அரசியலமைப்பு, வாக்குவரி முதலிய தடைகளால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. அரசின் துணை அறவே அற்ற அக்காலத்தேதான் மேகி லீனா வாக்கர் என்னும் அம்மையார் அந்நகரில் தலையெடுத்தார். அடிமையாயிருந்து விடுதலை பெற்று, ஆடை வெளுத்துப் பிழைத்த தாயின் மகள் அவர். நோயுற்றார்க்கு உதவியும் இறந்தார்க்கு ஈமச்செலவும் அளித்துவந்த தூய லூக்கா சங்கத்தின் தலைமையை 1899இல் ஏற்றார். சங்கம் அப்போது கடனில் ஆழ்ந்து கிடந்தது. 1902இல் ஒரு செய்தித்தாளையும், 1903 நவம்பரில் 'பென்னி' சேமிப்பு வங்கியையும், 1905இல் ஒரு பெருங்கடையையும் அச்சங்கத்தின் வழியாக நிறுவினார். வெள்ளையர் அலுவலகங்கள் எழுத்தர் பணிக்குக் கறுப்பினப் பெண்களை ஏற்காத அந்நாளில், தட்டச்சுக்கும் கணக்கெழுதவும் அவர்களையே பழக்கிப் பணியிலமர்த்தினார். அவர் உயர்வைத் தனியொருவரின் ஆள்வினை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. வண்ணாத்திகளும் சமையற்காரிகளும் இட்ட சிறுகாசே அதற்கு முதலாயிற்று.

இனி, பெருநிறுவனத்துள் நிகழ்ந்ததொன்றைக் காண்போம். 1964இல் ராச்செஸ்டர் நகரில் இனக்கலவரம் மூண்டது. அந்நகரத்துச் செராக்ஸ் நிறுவனத் தலைவர்கள் கறுப்பினத்தாரை மிகுதியாகப் பணியில் சேர்க்குமாறு 1968இல் மேலாளர்க்குக் கடிதம் விடுத்தனர். வாயில் திறந்தது, ஆயினும் ஏணி கிடைத்திலது. விற்பனையாளரின் ஊதியம் அவர்க்கு ஒதுக்கப்படும் வட்டாரத்தைப் பொறுத்தது. வளமற்ற வட்டாரங்களே கறுப்பினத்தார்க்கு வந்தன. 1970ஐ ஒட்டிச் சான் பிரான்சிஸ்கோப் பகுதி விற்பனையாளர்கள் தமக்குள் ஒரு குழு அமைத்தனர். பணிமுடிந்தபின் கூடினர், மூத்தோர் புதியோர்க்கு விற்பனைப் பேச்சைப் பயிற்றினர், பதவியுயர்வின் எழுதப்படாத நெறிகளை ஒருவர்க்கொருவர் உணர்த்தினர், குறைகளை ஒன்றுபட்டு மேலிடத்தில் எடுத்துரைத்தனர். பிற நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் எழுந்தன. 1980இல் அந்நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சியாளராய்ப் புகுந்த அர்சுலா பர்ன்ஸ் 2009இல் அதன் தலைமைச் செயல் அலுவலரானார். ஃபார்ச்சூன் 500 பட்டியல் நிறுவனமொன்றைத் தலைமை தாங்கிய முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. அவர்தம் அறிவும் உழைப்பும் மறுக்கற்பாலன அல்ல. எனினும் அவர் நடந்த வழியிலிருந்த முள்ளை முன்னோர் குழு களைந்திருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

கூட்டு முயற்சி மட்டும் அமையுமோ எனின், அமையாது. நகர ஒப்பந்தப் பணத்தில் நூற்றுக்கு 30 பங்கேனும் சிறுபான்மையரின் தொழில்களுக்குத் துணையொப்பந்தமாகச் சேர வேண்டும் என 1983இல் வகுத்த ரிச்மண்டு நகரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 1989இல் செல்லாதென்றது. மக்கட்டொகையிற் பாதியளவினராகிய கறுப்பினத்தார் வாழ்ந்த அந்நகரில், அத்திட்டத்திற்கு முந்திய ஐந்தாண்டுகளில் சிறுபான்மையர் பெற்ற முதன்மை ஒப்பந்தங்கள் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. வாக்கர் அம்மையாரின் வங்கி தோன்றி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலை இதுவே.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இதனினும் கவலை தருவது. விடுதலை பெற்ற அடிமைகளும் வெள்ளையரைப் போன்றே ஒப்பந்தம் செய்யும் உரிமை எய்துதற்பொருட்டு 1866இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கறுப்பினப் பெண்டிரின் தொழில்களுக்கு 20,000 டாலர் நன்கொடை வழங்கிவந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் என்னும் அமைப்பின்மீது அதே சட்டத்தின் பெயரால் 2023இல் வழக்குத் தொடரப்பட்டது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட, அந்நன்கொடைத் திட்டம் கைவிடப்பட்டது. 1903இல் அரசு துணைநிற்க மறுத்தது. ஆயினும் தமக்குள் துணைநிற்பதைத் தடுத்திலது. இன்று அவ்வழியும் குறுகிவருகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், தன்முயற்சி எனப் போற்றப்படுவது வரலாற்றில் பெரும்பாலும் சுற்றத்தின் முயற்சியாகவே இருந்தமை தெளிவாம். ஆதரவை நீக்கியபின் தனியே முயல்க என்பார், ஆள்வினையைக் கூறிச் சுற்றத்தை மறைப்பாராவர். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இன்றும் நிலவுகின்றது. அதனை நடைமுறையிற் காக்கவும், தம்முட் கூடும் உரிமையை இழவாதிருக்கவும் முனைதலே அம்மக்களின் இற்றைநாள் ஆள்வினை எனலாம்.