நதார் கையொப்பம்

நதார் கையொப்பம், பாரிஸ் ஒளிப்படக் கலைஞர் காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்நாஷோன் (1820–1910) தம் ஸ்டுடியோவுக்கு அமைத்துக்கொண்ட காட்சி அடையாளம். கையெழுத்துப் பாணியில் எழுதிய ‘நதார்’ என்ற பெயரும் சிவப்பு நிறமும் சேர்ந்தது அது. இன்று லோகோ என்கிறோமே, அதன் வேலையை அன்றே செய்தது.

பெயர் வேடிக்கையாகப் பிறந்தது. சொற்களின் வாலில் ‘தார்’ ஒட்டிப் பேசுவது நண்பர் குழாமின் வழக்கம். அதில் தூர்நாஷோன் ‘தூர்நதார்’ ஆகி, நதாராகச் சுருங்கினார். கேலிச்சித்திரக்காரராக இருந்தபோதே அதைத்தான் கையெழுத்தாகப் போட்டார்.

தகராறு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. தொழிலில் நதார் தூக்கிவிட்ட தம்பி அத்ரியேன், ‘இளைய நதார்’ என்று போட்டுக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கினார். அண்ணன் வழக்குத் தொடுத்தார். முதலில் தோற்று, 1857 டிசம்பரில் மேல்முறையீட்டில் வென்றார். பெயர் அவருக்கே உரியது என்றானது.

1860-இல் கப்புசின் பெருஞ்சாலை 35-ஆம் எண் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார். முகப்பின் குறுக்கே அதே கையெழுத்து ராட்சத அளவில் ஏறியது; இரவில் எரிவாயு விளக்கில் சிவப்பாக எரிந்தது. வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துப்போகும் படத்தின் அட்டையிலும் அதே எழுத்துதான். தெருவில் பார்த்ததும் கையில் வாங்கியதும் ஒன்றாக இருந்ததால் பெயர் மனத்தில் நின்றது. நதாரின் தலைமுடியும் சிவப்பு என்பது கூடுதல் பொருத்தம்.

ஆனால் பலகை மட்டும் ஆளைப் பிடித்து வைக்காது. மற்ற ஸ்டுடியோக்கள் தூண், திரைச்சீலை, பூந்தொட்டி என்று அடுக்கிய காலத்தில், நதாரின் சிறந்த படங்களில் வெறும் பின்னணியும் பக்கவாட்டு வெளிச்சமுமே இருக்கும். கவிஞர் போதலேரின் படத்தில் பார்வை நேராக முகத்துக்கே போகிறது. கையொப்பத்தை மறைத்தாலும் யார் எடுத்தது என்று ஊகிக்கலாம். உண்மையான அடையாளம் இதுவே.

அவர் விட்டுப்போன அந்தக் கப்புசின் பெருஞ்சாலைக் கட்டடத்தில்தான் 1874-இல் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்தது. ஸ்டுடியோவைப் பின்னர் மகன் பால் ஏற்று, அதே பெயரில் நடத்தினார். தம்பியிடமிருந்து வழக்காடி மீட்ட பெயர் இப்போது தகப்பனையும் மகனையும் பிரித்துக் காட்டுவதில்லை. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் பட்டியலில் பல படங்கள் ‘நதார் ஸ்டுடியோ’ என்றே பதிவாகியுள்ளன.