வண்டுகொல்லி முதல் குளோட்ரிமசோல் வரை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? முதலில் ஏரிகள், பிறகு நெல் வயல்கள், கடைசியில் உப்புக் காற்று வீசும் மீனவர் குப்பங்கள். இங்கெல்லாம் சேற்றிலும் நீரிலும் வியர்வையிலும் உழைப்பவர்கள் நன்கறிந்த தொல்லை ஒன்று உண்டு. கால் விரலிடுக்கில் வந்தால் சேற்றுப்புண். இடுப்பிலும் தொடையிலும் வட்டமாகப் பரவினால் படர்தாமரை. அதையே படை என்றும் வண்டுகடி என்றும் சொல்வார்கள்.

வண்டு கடித்தா வந்தது? இல்லைதான். ஆனாலும் நம் முன்னோரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். இந்நோய்க்கு லத்தீனில் 'டீனியா' என்று பெயர். துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறித்த சொல் அது. ஆங்கிலேயர் 'ரிங்வார்ம்', அதாவது வளையப் புழு என்றனர். மூன்று மொழியினரும் பழியைப் பூச்சி புழுக்களின் மேல்தான் போட்டிருக்கிறார்கள்! உண்மைக் குற்றவாளி பூஞ்சை என்பது 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாரிஸ் மருத்துவர் டேவிட் குரூபி முதலியோர் நுண்பெருக்கியில் பார்த்த பின்னரே தெளிவாயிற்று.

நோய் வண்டுகடி என்றால் மருந்துச் செடி வண்டுகொல்லி. சீமை அகத்தி என்பதும் அதுவே. மஞ்சள் பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். இலையை அரைத்துப் படையின் மேல் பூசுவது வழக்கம். 'சீமை' என்ற அடைமொழி, அது கடல் கடந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. அதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. எதற்கு உதவும், எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் பெயரே சொல்லிவிட்டது பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்துகளுக்கும் தொடக்கத்தில் இப்படித்தான் பெயர் வைத்தார்கள். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசன் என்ற நுண்ணுயிரியலாளரும் ரேச்சல் பிரவுன் என்ற வேதியியலாளரும் பணியாற்றினர். முன்னவர் நியூயார்க் நகரில். பின்னவர் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆல்பனியில். மண்ணிலிருந்து வளர்த்த நுண்ணுயிரிகளை ஹேசன் தபாலில் அனுப்புவார். பிரவுன் அவற்றிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்து, தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களான நோர்ஸ் குடும்பத்தாரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி பலன் தந்தது. அதற்கு 'ஸ்ட்ரெப்டோமைசெஸ் நோர்சி' என்று பெயராயிற்று. 1950இல் அறிவித்த மருந்துக்கு முதலில் வைத்த பெயர் 'பங்கிசிடின்'. அந்தப் பெயரோ ஏற்கெனவே வேறொரு பொருளுக்கு இருந்தது. ஆகவே 'நியூயார்க் ஸ்டேட்' என்பதைச் சுருக்கி 'நிஸ்டாட்டின்' என்றனர். அதில் கிடைத்த உரிமைத்தொகை சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். அவ்வளவையும் இருவரும் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய பெயர் ஒன்று உண்டு. புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் அமைந்த அரசு நிறுவனம் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ். அங்கே எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் பூஞ்சைக் கொல்லி மருந்து ஒன்றைக் கண்டனர். நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ஹாமைசின்' என்றார்கள். அதைத் தந்த நுண்ணுயிரியோ 'ஸ்ட்ரெப்டோமைசெஸ் பிம்ப்ரினா'. ஊரின் பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் நிஸ்டாட்டினும் ஹாமைசினும் வாய்ப்புண் உண்டாக்கும் கேண்டிடா போன்ற பூஞ்சைகளுக்குத்தான் பெரிதும் பயன்பட்டன. நம் படர்தாமரைக்கு நிஸ்டாட்டின் உதவாது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 'மைசின்' என்று முடிவதெல்லாம் பூஞ்சை மருந்து அல்ல. 'மைகெஸ்' என்றால் கிரேக்க மொழியில் பூஞ்சை. ஸ்ட்ரெப்டோமைசெஸ் பூஞ்சை போல இழையிழையாக வளர்வதால் அப்பெயர் பெற்றது. உண்மையில் அது பாக்டீரியா. அதிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோமைசினும் நியோமைசினும் பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

மண்ணை விட்டு வேதியியல் தொகுப்புக்கு மருந்துத் துறை நகர்ந்ததும், பெயர்கள் ஊரை மறந்து மூலக்கூற்றின் அமைப்பைப் பேசத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் 1953இல் மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கான முதல் பட்டியலை வெளியிட்டது. கீட்டோகோனசோல், புளூகோனசோல் ஆகியவற்றில் வரும் 'கோனசோல்' ஒரு பூஞ்சை மருந்துக் குடும்பத்தின் அடையாளம். அவற்றுக்கு உறவான குளோட்ரிமசோலில் 'குளோ' குளோரினைக் குறிக்கும். 'இமசோல்' இமிடசோல் வளையத்தைக் குறிக்கும். பூஞ்சை தன் செல் உறைக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருளைச் செய்யவிடாமல் இது தடுக்கிறது.

இனி இன்னொரு பெயரைக் கேளுங்கள்: குளோபெட்டசால். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல ஒலிக்கின்றன. தொடக்கமும் ஒன்று, முடிவும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இது வீரியமிக்க ஸ்டீராய்டு. பூஞ்சையைத் தொடாது; தோலின் தற்காப்பை அடக்கும். இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் குறையும், "நல்ல மருந்து" என்று தோன்றும். உள்ளே படை விரிந்துகொண்டே போகும். பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து மூன்றும் ஒரே குழாயில் கலந்த களிம்புகளை, மருந்துக் கடையில் "படைக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நாடெங்கும் பரவியது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று விதித்தது. இதற்குள் டெர்பினாபின் என்ற முக்கிய மருந்துக்குப் பல வேளைகளில் அடங்காத பூஞ்சை ஒன்று நம்மிடையே பெருகிவிட்டது. ஸ்டீராய்டு கலப்புக் களிம்புகளும் அதற்கு ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. 2020இல் அதற்கு வைத்த பெயர் 'ட்ரைக்கோபைட்டான் இண்டோடீனியே'. இந்தியாவின் பெயர் இம்முறை மருந்துக்கு அல்ல, நோய்க்கிருமிக்கு!

வீட்டு அலமாரியில் பாதி பிதுக்கிய களிம்புக் குழாய் ஏதேனும் கிடந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். வணிகப் பெயரை விட்டுவிட்டு, உள்ளடக்கத்தைக் குறிக்கும் எழுத்துகளை வாசியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது தென்பட்டால், மருத்துவரிடம் காட்டாமல் அதைப் படையின் மேல் பூசாதீர்கள்.