வாயில் திறந்த அரங்கம்

திருமுருகன்பூண்டியிலே இரண்டு ஓசைகள் உண்டு. ஒன்று, கல்லைக் கொத்தும் உளியின் ஓசை; மற்றொன்று, துணியைத் தைக்கும் எந்திரத்தின் ஓசை. உளியோசை பழையது. எந்திர ஓசையோ, 1920களின் நடுவிலே திருப்பூரில் முளைவிட்ட பின்னலாடைத் தொழில் சுற்றுப்புறமெங்கும் படர்ந்தபோது வந்து சேர்ந்தது. இவ்விரண்டோடு இவ்வூருக்கு ஒரு கதையும் உண்டு. சேரமான் பெருமாளிடம் பொன் பெற்றுத் திரும்பிய சுந்தரரை இவ்விடத்திலே வேடர் கூட்டம் மறித்துப் பறித்ததாம். வந்தவர் மெய்யான வேடரல்லர், வேடர் உருக்கொண்ட பூதகணங்கள் என்கிறது புராணம். சுந்தரர் பாடினார், பறிபோன பொருள் திரும்ப வந்ததாம்.

நம்புவோர் நம்பட்டும். நாம் அதை ஒரு நாடகமாகப் பார்ப்போம். வேடம் உண்டு, களம் உண்டு, திருப்பம் உண்டு, பாட்டும் உண்டு. பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் தந்த கட்டணமோ கைப்பொருள் அத்தனையும்! ஆட்டம் முடிந்ததும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த நாடகம் இந்நாட்டிலே இது ஒன்றுதான் போலும்!

வேடிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாடகம் பார்க்கத் தமிழன் என்ன விலை கொடுத்தான், எந்த வாயிலில் நிறுத்தப்பட்டான், அந்த வாயில் எப்படித் திறந்தது என்று எண்ணிப் பார்க்கவே சொன்னோம்.

பழைய கிரேக்கத்தைப் பாருங்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே ஏதென்ஸ் நகரில் ‘தியோரிக்கான்’ என்றொரு நிதி இருந்தது. நாடக விழாவுக்கு வரும் குடிமகனுக்கு நுழைவுக் கட்டணத்துக்கென அரசே இரண்டு ஓபல் காசு கொடுத்தது. உண்ண உணவும் பருக நீரும் போல நாடகமும் குடிமகனுக்கு வேண்டுவது என்று கருதிய நாடு அது. ஆயினும் அந்தக் காசு குடிமகனுக்கு மட்டுமே, அடிமைக்கு இல்லை! காசு என்னும் பூட்டைத் திறந்த கை, பிறப்பு என்னும் பூட்டைத் தொடவில்லை.

நம் நாட்டிலே நடந்தது என்ன? கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதைக்குச் சீட்டு விற்றவர் எவருமில்லை. 1965ஆம் ஆண்டிலே காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்துக்கு வந்து தங்கிய பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர், அக்கதையைப் பாணர் வாயால் பல இரவுகள் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். எழுதப் படிக்க அறியாத உழவனும் வரி வரியாக அறிந்திருந்த காவியம் அது. வடக்கே தெருக்கூத்தும் அவ்வாறே. வானமே கூரை, மண்ணே இருக்கை, விடியும்வரை ஆட்டம். காசு கேட்கவில்லை, உண்மைதான். சாதி கேட்டதே! பறை முழக்க அழைக்கப்பட்டவன் பந்தலுக்குள் அழைக்கப்பட்டானா? அவன் சேரிக்குள்ளே கூத்து எத்தனை முறை நுழைந்தது? கோயில் விழாவை ஒட்டிய கலை, கோயில் வாயிலில் நின்ற தடையையும் தன்னோடு சுமந்து வந்தது.

பிறகு வந்தது கொட்டகை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். ஏழைக் குடும்பத்துச் சிறுவர்கள் அரிதாரம் பூசி அரசர்களானார்கள். அச்சிறுவருள் ஒருவராகச் சேர்ந்த தி.க. சண்முகம் பின்னாளில் ‘ஔவை சண்முகம்’ எனப் புகழ்பெற்றார். ஊர் ஊராகச் சென்ற அக்குழுக்களால் நாடகம் நாட்டு மக்களிடம் நடந்து வந்தது. சாதியைக் கேட்ட இடத்திலே சீட்டைக் கேட்டார்கள். இதுவும் ஒரு முன்னேற்றமே! காசு கொடுத்தவன் எவனாயினும் உள்ளே போகலாம் அல்லவா? ஆனால் உள்ளே போனபின் நாற்காலி ஒரு விலை, பெஞ்சு ஒரு விலை, தரை ஒரு விலை. சமுதாயத்தின் ஏணியைக் கொட்டகைக்குள்ளே படுக்க வைத்தாற்போல் அமைந்தது அந்த வரிசை. சென்னையிலோ, பம்மல் சம்பந்தனார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, ஆங்கிலம் கற்றோரின் அவையாக விளங்கியது. நாடகக்காரன் என்ற ஏளனத்தை அது துடைத்தது. அப்பெருமை அதற்கு உரியது. ஆனால் கூலிக்காரன் அங்கே பார்வையாளன் ஆகவில்லை.

காலம் மாறிற்று. 1922இல் தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் ‘கதரின் வெற்றி’யை அரங்கேற்றினார். புராண மன்னர்கள் நின்ற மேடையிலே சமகால அரசியல் வந்து நின்றது. கதர்த் தொழிலுக்குப் பேர்போன திருப்பூரிலே, 1932இல், கொடியைக் கையிலேந்தியவாறு அடிபட்டு விழுந்தான் குமரன். அதே திருப்பூரிலேதான் 1934இல் பெரியாரை அண்ணா முதன்முதலாகச் சந்தித்தார். அச்சந்திப்பில் விளைந்தவை பல. அவற்றுள் ஒன்று மேடை.

1943இல் ‘சந்திரோதயம்’ எழுதிய அண்ணா, தாமே அதில் வேடம் பூண்டார். எம்.ஆர். இராதாவும், என்.எஸ். கிருஷ்ணனும், கே.ஆர். இராமசாமியும் மேடையைப் பள்ளிக்கூடமாக்கினர். பண்ணையாரும் பணியாளும் தத்தம் மொழியிலே பேசினர். தன் வீட்டுத் துன்பம் மேடை ஏறுவதை ஏழை கண்டான். மொழி என்னும் பூட்டு திறந்தது இவ்வாறுதான். 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ஈரோட்டிலே நாடகக் கலை மாநாடு கூட்டினர். அந்நாளில் நாடகம் ஓர் இயக்கமாகவே இருந்தது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நாடகங்களுக்கும் சீட்டு இருந்தது. நிதி திரட்டவே பல நாடகங்கள் நடந்தன. கருத்து எல்லோருக்கும் பொது; இருக்கை மட்டும் விலைக்கு!

மக்கள் பார்த்தால் ஆட்சியாளர் அஞ்சுவர். வெள்ளையன் 1876இல் நாடகத் தடைச் சட்டம் செய்தான். விடுதலைக்குப் பின்னும் 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. நாடகக்காரன் தன் எழுத்தைக் காவலரிடம் காட்டிக் கைகட்டி நிற்க வேண்டிய நிலை! பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கிலே, 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தப் பூட்டு தொங்கியது!

கொட்டகையே வேண்டாம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. வங்கத்து நாடகாசிரியர் பாதல் சர்க்கார், திரையும் மேடையும் விளக்கும் இல்லாமல், மனித உடலும் குரலும் மட்டுமே கொண்டு நாடகம் நடத்தினார். சீட்டு இல்லை, விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கலாம். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் இளைஞர் பலருக்கு வழிகாட்டியது. 1984இல் பிரளயன் முதலானோர் தொடங்கிய சென்னைக் கலைக்குழு தெருமுனைக்கே நாடகத்தைக் கொண்டு சென்றது. கடல் கடந்த யாழ்ப்பாணத்திலோ, 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்டோர் போராடினர். அதைக் கருவாகக் கொண்டு என்.கே. இரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ பின்னர் கூத்தாகவும் ஆடப்பட்டது. எந்தக் கூத்து சாதியைச் சுமந்ததோ, அதே கூத்து சாதியைச் சாடியது!

தெருவில் ஆடுவது எளிதா? 1989 சனவரி முதல் நாள், தில்லியை அடுத்த சாகிபாபாத்திலே தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நாடகம் நடத்திக் கொண்டிருந்த ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் தாக்கப்பட்டனர். சப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். சனவரி 4ஆம் நாள், அவர் மனைவி மொலாயஸ்ரீ குழுவினரோடு அதே இடத்துக்குச் சென்றார். பாதியில் நின்ற நாடகத்தை ஆடி முடித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு களத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் உறுதிக்கு முன்னே எந்தப் புராணம் நிற்கும்?

எல்லா ஊரிலும் இரத்தம் சிந்தியே இது நடக்கவேண்டும் என்பதில்லை. கன்னட நாட்டிலே, மலைச்சாரலில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே எக்கோடு என்றொரு சிற்றூர். 1949இல் கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் அங்கே ‘நீநாசம்’ என்னும் நாடகச் சங்கத்தை அமைத்தனர். 1980இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1985 முதல் ‘திருகாட்ட’ என்னும் சுற்றுப்பயணக் குழு கன்னட ஊர்களை நாடிச் செல்லலாயிற்று. உலக நாடகங்களைத் தம் மொழியிலே உழவரும் கண்டனர். 1991இல் மகசேசே விருது அச்சிற்றூரைத் தேடி வந்தது. பிரான்சிலே ழான் விலார், 1951இல் தம் தேசிய மக்கள் அரங்கை முதலில் பாரிசின் புறநகரான சுரேனுக்கு, உழைப்பாளர் வாழும் பக்கத்துக்கு, கொண்டு சென்றார். தண்ணீரும் விளக்கும் போல நாடகமும் ஊருக்குச் செய்யும் பணி என்பது அவர் கொள்கை. வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரம், குறைந்த கட்டணம் என்று ஒவ்வொரு தடையாக நீக்கினார்.

நேரம்! பூண்டியிலே நாம் எண்ண வேண்டிய பூட்டு இதுவே. 2021இல் நகராட்சியான இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பும்போது இரவாகிவிடுகிறது. சனிக்கிழமை கூலி; ஞாயிற்றுக்கிழமை ஓய்வு; அந்த ஒருநாளிலே துவைப்பதும் சமைப்பதும் சந்தைக்குப் போவதும் பெண்ணின் தலையில். அவளுக்கு நாடகம் எப்போது? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தைக்கும் இளைஞனுக்கு எந்த மொழியில்? கைப்பேசித் திரை இருக்கிறதே என்பார் சிலர். திரை அவனோடு பேசும். அவன் சிரித்ததை அது அறியாது, அவன் அழுதால் நிற்காது. உயிருள்ள நடிகன் எதிரே நின்றால், பார்ப்பவனும் ஆளாக மதிக்கப்படுகிறான்.

செய்ய வேண்டுவது பெரிதல்ல. ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம். சீட்டில்லாத ஒரு திடல். குழந்தையோடு வரும் தாய்க்கு முன்வரிசை. சொல் குறைந்து மெய்ப்பாடு மிகுந்த நாடகம். நடிப்பவருள் சிலராவது அந்தத் தையல் எந்திரங்களிலிருந்து எழுந்து வந்தவர்கள். எக்கோட்டுப் பாக்குத் தோட்டத்தால் முடிந்தது, ஏற்றுமதியால் உலகறிந்த திருப்பூர்ச் சீமையால் முடியாதா?

பூண்டிச் சிற்பி கல்லிலே கடவுளைச் செய்கிறான். கண் திறக்கும்வரை அது அவன் கைப்பொருள். கருவறைக்குள் போனபின் அவன் வெளியே நிற்கிறான். தையற்காரி செய்த சட்டை கப்பலேறுகிறது. அவள் கரையிலே நிற்கிறாள். படைத்தவன் வெளியே நிற்பதே இந்நாட்டு வழக்கம் என்றால், நாடகமாவது அவ்வழக்கத்துக்கு விலக்காகட்டும். உளி பிடித்த கையும் ஊசி பிடித்த கையும் முதல் வரிசையில் அமரட்டும். வேண்டுமானால் மேடையிலும் ஏறட்டும். அன்று பூண்டியிலே வேடம் கட்டுவோர் உண்டு; வழிப்பறி இராது!