எழுத்து தடித்துப்போன கதை

1999 டிசம்பரில் என் முதல் புரோகிராமைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஒண்டிக்கடைக்கு வந்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, மடியில் பிளாப்பி டப்பா. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்த மலை இது. நான் போன எஸ்டேட்டில் அன்றுவரை கூலிக் கணக்கான செக்ரோல் பேரேட்டில்தான் இருந்தது. அதை விஷுவல் பேசிக் (விபி) 6-இல் எழுதியிருந்தேன். யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்று பட்டை வரைபடமும் காட்டும். அந்த வரைபடத்தில்தான் எனக்குப் பெருமை.

நாலாம் நாள் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

"தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது. மூணு மணிக்கு மேல எழுத்தெல்லாம் தடிச்சுப்போவுது. பட்டனெல்லாம் கறுப்பா நிக்குது."

கம்ப்யூட்டரில் 32 எம்பி ரேம், அதில் பாதி சும்மா கிடந்தது. சிக்கல் வேறிடத்தில். விண்டோஸில் திரையில் கோடு போடப் பேனா, நிறம் நிரப்பத் தூரிகை என்று எல்லாவற்றையும் சிஸ்டத்திடம் கேட்டு வாங்க வேண்டும். இவற்றுக்குப் பொறுப்பு ஜிடிஐ என்ற பகுதி. விண்டோஸ் 3.1-இல் அத்தனை சாமானுக்கும் இடம் 64 கேபி. பதினாறு பிட் எண்ணுக்கு எட்டுவது 65,536 பைட்தானே. வாங்கியதைத் திருப்பித் தராமல் ஒரு புரோகிராம் மூடிக்கொண்டால் போனது போனதுதான், விண்டோஸையே மறுபடி கிளப்ப வேண்டும். விண்டோஸ் 95 வந்தபோது எழுத்துரு போன்ற சிலவற்றை விசாலமான இடத்துக்கு மாற்றினார்கள். மூடிய புரோகிராம் விட்டுப்போனதைத் துடைக்கவும் வழி செய்தார்கள். ஆனால் பழைய 16 பிட் புரோகிராம்களும் ஓட வேண்டுமே! பேனாவும் தூரிகையும் அதே 64 கேபி கொட்டடியிலேயே கிடந்தன. 98-லும் அப்படித்தான். எத்தனை ரேம் வாங்கிச் செருகினாலும் கொட்டடி அகலாது.

பிழை என்னுடையது. பேனாவை டெலிட்ஆப்ஜெக்ட் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன், சத்தியமாக. ஆனால் நாம் கோடு போடும் வரைபலகை கையில் பிடித்திருக்கும் பேனாவை அந்தக் கட்டளை அழிக்காது. முதலில் இருந்த பழைய பேனாவை அதன் கையில் மறுபடி கொடுத்துவிட்டுத்தான் நம்முடையதை வாங்க வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. வரைபடம் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டைக்கு ஒரு பேனா வீதம் கொட்டடி நிறைந்தது.

சேலத்தில் எழுதும்போதே இது கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டது. ஆனால் நாங்கள் அதை வேறு கணக்கில் எழுதிவிட்டோம். விபி நம் புரோகிராமைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்து ஓட்டிப் பார்க்கும். நடுவில் எண்ட் பொத்தானை அமுக்கினால் வெட்டியதுபோல நிற்கும். ஜன்னல் மூடும்போது ஓட வேண்டிய அன்லோட் வரிகள் ஓடாது. கடன் வாங்கிய பேனாக்களெல்லாம் விபியின் பேரிலேயே நிற்கும், விபியை மூடும்வரை. ஒரு நாளைக்கு நூறு முறை எண்ட் அமுக்குகிற கூட்டம் நாங்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டானது: சாப்பிடப் போகுமுன் விபியை மூடு. மொழியைக் கற்றுத் தருவதற்கு முன்பே சீனியர்கள் இதைச் சொல்லித் தந்தார்கள். "விபி களைச்சுப்போச்சு" என்போம். கசிவு என்ற வார்த்தையே வாயில் வராது. அந்த மதிய வழக்கத்துக்குப் பின்னால் என் பிழை சுகமாக ஒளிந்துகொண்டது.

திருத்திக் கொடுத்தபின்னும் கணக்குப்பிள்ளை மூன்று மணிக்கு கம்ப்யூட்டரை நிறுத்தித்தான் டீக்குப் போனார். மலைக் குளிருக்கு மிஷினுக்கும் ஓய்வு வேண்டுமாம்.

2001-இல் எக்ஸ்பி வந்தது. கொட்டடி போய், புரோகிராம் ஒன்றுக்குப் பத்தாயிரம் சாமான் என்ற வரம்பு வந்தது. டாஸ்க் மேனேஜரிலேயே எண்ணிப் பார்க்கலாம். தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தோம்.

2020-இல் வேலையோடு இந்த மலைக்கே குடிவந்துவிட்டேன். புரோகிராம் எழுதும் இன்றைய எடிட்டர்கள் பலவும் பிரவுசர் எஞ்சின்மேல் கட்டியவை. எழுத்தைக்கூட படத்துண்டாக்கி கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் அடுக்கி வைக்கின்றன. 2017 முதல் விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜர் அந்த நினைவகத்தையும் கோடாகக் காட்டுகிறது. என் லேப்டாப்பில் அந்தக் கோடு காலையிலிருந்து ஏறிக்கொண்டே போகும், இறங்காது. மதியத்துக்கு மேல் ஜன்னல் ஓரம் கறுப்பாக மினுக்கும். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலை மூடி வைத்தால் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது. இதுவரை பிடிபட்டது அவ்வளவுதான். எடிட்டரை மூடிவிட்டு ஒண்டிக்கடைக்கு டீ குடிக்க இறங்குகிறேன்.