ரஃபாயேலும் நதாலியாவும்: ரஷ்யா தத்தெடுத்த இரண்டு பேர்

போன மாதம் கேண்டீனில் ஒரு சண்டை. யாரோ ஒருத்தன் செல்போனில் ஷகிராவின் "வாக்கா வாக்கா" ஓடிக்கொண்டிருந்தது. "இந்தம்மா அமெரிக்காக்காரிதானே?" என்று ஒருவன் கேட்டான். "கொலம்பியாடா" என்றான் இன்னொருவன். "அப்புறம் எதுக்கு இங்கிலீஷ்ல பாடுது?" என்று முதல் ஆள் திருப்பிக் கேட்க, பரோட்டா ஆறும்வரை பேச்சு ஓடியது. நமக்கெல்லாம் ஷகிரா என்றால் 2006ல் வந்த "ஹிப்ஸ் டோன்ட் லை", 2010 உலகக் கோப்பை, பொன்னிற முடி. ஆனால் பரான்கீயாவிலோ மெக்சிகோவிலோ 1995ல் "பியெஸ் தெஸ்கால்சோஸ்" கேசட் வாங்கியவனுக்கு அவர் வேறு ஆள். கருப்பு முடி, கையில் கிதார், முழுக்க ஸ்பானிஷ், கொஞ்சம் கோபமான பாட்டு. 2001ல் "லாண்ட்ரி சர்வீஸ்" ஆங்கிலத்தில் வந்தபோது அவர்களில் பலர் "எங்க பொண்ணை வித்துட்டாங்க" என்கிற மாதிரி வருத்தப்பட்டார்கள். ஒரே பாடகி, ஊருக்கு ஒரு பெயர்.

அன்றைக்கு இரவு படிக்க வேண்டிய கம்பெனி அக்கவுண்ட்ஸை மூடிவைத்துவிட்டு இதைத் தோண்ட ஆரம்பித்தேன். (செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு பேசிக்கொள்வோம் :-)) ஷகிரா கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குக் கிடைத்த புதையல் வேறு இடத்தில் இருந்தது. ரஷ்யாவில்!

முதல் ஆள் ரஃபாயேல். முழுப்பெயர் மிகேல் ரஃபாயேல் மார்த்தோஸ் சான்செஸ். 1943ல் தெற்கு ஸ்பெயினில் உள்ள லினாரெஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். பெயரில் "எஃப்"புக்குப் பதிலாக "பிஹெச்" வந்தது அவருடைய முதல் ரெக்கார்டு கம்பெனியான பிலிப்ஸின் நினைவாக. (பிராண்டைப் பெயரிலேயே சுமந்த மனிதர். மார்க்கெட்டிங் வாத்தியார் கேட்டால் அழுதுவிடுவார்.) 1966லும் 1967லும் யூரோவிஷன் போட்டியில் ஸ்பெயின் சார்பில் பாடினார். ஒரு வருடம் ஏழாம் இடம், அடுத்த வருடம் ஆறாம் இடம். பரிசு வரவில்லை, பெயர் வந்தது.

பாடும் முறை தனி. கருப்பு உடையில் மேடைக்கு வருவார். ஒவ்வொரு வரிக்கும் கை, புருவம், தோள் எல்லாம் சேர்ந்து நடிக்கும். ஸ்பெயினில் அவரை நேசித்தவர்கள் எத்தனை பேரோ, கிண்டல் செய்தவர்களும் அத்தனை பேர். மிமிக்ரி செய்பவர்களுக்கெல்லாம் அவர்தான் சோறு போட்டார் என்று சொல்லலாம். போதாததற்கு அரசியல் வேறு. அப்போது ஆண்டுகொண்டிருந்தது ஜெனரல் பிராங்கோ. அரசுத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் சமயம் இனிமையாகப் பாடிய ரஃபாயேல் மீது, ஆட்சியைப் பிடிக்காதவர்கள் "அந்தக் காலத்துப் பாடகர்" என்று முத்திரை குத்திவிட்டார்கள். உள்ளூரில் அந்த முத்திரை சுலபத்தில் அழியவில்லை.

இந்த மனிதர் சோவியத் யூனியனில் என்ன ஆனார் தெரியுமா? தெய்வம்!

இது எவ்வளவு விசித்திரம் என்று புரிய அந்த இரண்டு நாடுகளின் உறவு தெரிய வேண்டும். 1936ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ஸ்பெயின் குடியரசு அரசு தன் மத்திய வங்கியிலிருந்து சுமார் 510 டன் தங்கத்தை மாஸ்கோவுக்கு அனுப்பியது. ஆயுதங்களுக்கான விலையாக அது அங்கேயே கரைந்தது. பிராங்கோ ஆட்கள் பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார்கள். 1937ல் போரிலிருந்து தப்பிக்க சுமார் 3,000 ஸ்பானிஷ் குழந்தைகள் கப்பலில் சோவியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பல பேர் திரும்பிவர இருபது வருடம் ஆனது, சிலர் வரவே இல்லை. 1941ல் பிராங்கோ, ஹிட்லருக்குத் துணையாக "நீலப் படைப்பிரிவு" என்ற பெயரில் பல்லாயிரம் பேரை சோவியத் போர்முனைக்கே அனுப்பினார். அதற்குப் பிறகு தூதரகம் கிடையாது, ஒன்றும் கிடையாது. வணிக ஒப்பந்தம் 1972ல்தான். முழுத் தூதரக உறவு 1977 பிப்ரவரியில், அதாவது பிராங்கோ இறந்து ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து.

இந்தச் சுவருக்கு நடுவில் ஒரு சினிமாப் பெட்டி நுழைந்தது. 1968ல் மாரியோ காமுஸ் இயக்கத்தில் ரஃபாயேல் நடித்த "திகான் லோ கெ திகான்". "அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்" என்று பொருள். படம் பாட்டுக்காகவே எடுத்த படம். காதல், கண்ணீர், நடுநடுவே கச்சேரி. நம் ஊர் ஆட்களுக்கு இந்த வடிவம் புதிதே இல்லை. சோவியத் தணிக்கைக்காரர்களுக்கு அதில் அரசியலே தெரியவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டார்கள். ரஷ்யத் தலைப்பு "அவர்கள் பேசட்டும்". தியேட்டர்களில் கூட்டம் அலைமோதியது. பெண்கள் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இதற்கு முன்னால் 1954ல் ராஜ் கபூரின் "ஆவாரா"வுக்கு 6 கோடி டிக்கெட்டுக்கு மேல் கொடுத்த அதே நாடுதான் என்பதை நினைவில் வையுங்கள். டிராக்டரும் எஃகு ஆலையும் காட்டும் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, வெட்கமே இல்லாமல் காதலுக்காக அழும் ஒரு ஆண் தேவைப்பட்டிருக்கிறான். உள்ளூரில் "ஓவர் ஆக்டிங்" என்று சிரிக்கப்பட்ட அந்தக் கையும் புருவமும்தான் அங்கே மொழி புரியாதவர்களுக்கும் பாட்டை மொழிபெயர்த்தன!

1971ல் ரஃபாயேல் நேரிலேயே போனார். மாஸ்கோ, லெனின்கிராட். தூதரகமே இல்லாத ஒரு நாட்டின் பாடகர், வணிக ஒப்பந்தத்துக்கும் ஒரு வருடம் முன்பே! அன்று வெளிநாட்டுக் கலைஞர்களைக் கூட்டிவருவது கோஸ்கொன்செர்ட் என்ற அரசு நிறுவனத்தின் வேலை. பாட்டைத் தட்டாக அடிப்பது மெலோதியா என்ற இன்னொரு அரசு நிறுவனம். இங்கே என் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. சோவியத் யூனியன் சர்வதேச காப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்ததே 1973ல்தான். அதற்கு முன் வெளிநாட்டுப் பாட்டை யாரையும் கேட்காமல், ராயல்டி கொடுக்காமல் அடித்துக்கொள்ளலாம். ரூபிள் நாட்டுக்கு வெளியே செல்லாத காசு. ஆக, ஒரு கலைஞனுக்கு அங்கே கோடிக்கணக்கான ரசிகர்கள் இருந்தாலும் அவன் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் அது ஒரு வரிகூட ஆகாது.

அக்கவுண்டன்சியில் "நற்பெயர்" பாடம் ஞாபகம் இருக்கிறதா? காசு கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டும்தான் கணக்கில் எழுதலாம். தானாக வளர்ந்த நற்பெயரை எழுதக்கூடாது, ஏனென்றால் அதற்கு விலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ரஃபாயேலின் ரஷ்ய நற்பெயர் அப்படிப்பட்ட சொத்து.

ஆனால் வேறு ஒரு வரவு நடந்தது. பாட்டின் அர்த்தம் தெரிந்துகொள்வதற்காகவே ஒரு தலைமுறை ஸ்பானிஷ் படிக்கக் கிளம்பியது. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாக எழுதிப் படித்தவர்கள், பின்னாளில் அதையே தொழிலாகவும் எடுத்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். இதோடு ஹூலியோ இக்லேசியாஸை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 1943ல் பிறந்தவர், 1970ல் அதே யூரோவிஷனில் நான்காம் இடம். அவர் வழி வேறு: பிரெஞ்சுக்காரனுக்கு பிரெஞ்சில், ஜெர்மானியனுக்கு ஜெர்மனில், இத்தாலியனுக்கு இத்தாலியனில் பாடுவது. 1981ல் இங்கிலாந்தில் முதலிடம், 1984ல் ஆங்கில ஆல்பம். வாடிக்கையாளர் வாசலுக்கே சரக்கைக் கொண்டுபோகிற வியாபாரம். அதில் தப்பில்லை, விற்பனைக் கணக்கில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் ரசிகன் தன் செலவில் வேற்று மொழி கற்றுக்கொண்டு வந்த கதை எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது.

நடுவில் ஒரு சின்ன விலகல். ரோசியோ துர்கால் என்று ஒரு மாட்ரிட் பெண். சின்ன வயதில் ஸ்பெயினில் சினிமா நட்சத்திரம். 1977ல் மெக்சிகோவின் ஹுவான் கப்ரியேல் எழுதிய ராஞ்செரா பாடல்களைப் பாடி ஒரு ஆல்பம் போட்டார். ராஞ்செரா என்பது மெக்சிகோக்காரர்களின் உயிர்நாடி. அதை வெளியூர்ப் பெண் பாடினால் ஏற்பார்களா? தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "ஸ்பெயின்காரிகளிலேயே மெக்சிகோக்காரி" என்று பட்டம் வேறு. 2006ல் அவர் இறந்தபோது அஸ்தியில் ஒரு பகுதி மெக்சிகோ நகரின் குவாதலூப்பே மாதா கோயிலுக்குப் போனது. ஆனால் அங்கே மொழி ஒன்று, மதம் ஒன்று. ரஷ்யாவில் அதுவும் இல்லை.

இரண்டாவது ஆளுக்கு வருவோம். சோவியத் யூனியன் உடைந்த 1991 டிசம்பரை ஒட்டி, ரஷ்யத் தொலைக்காட்சியில் ஒரு மெக்சிகோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது: "பணக்காரர்களும் அழுவார்கள்". மெக்சிகோவில் 1979ல் வந்த பழைய சரக்கு. கடையில் ரொட்டிக்கு வரிசை, சேமிப்பெல்லாம் பணவீக்கத்தில் ஆவி, அந்த நேரத்தில் நாடே ஒரு ஏழைப் பெண் மரியானாவுக்காக அழுதது. அதில் நடித்த வெரோனிகா காஸ்ட்ரோ 1992ல் மாஸ்கோ வந்தபோது ஏதோ நாட்டின் தலைவர் வந்த மாதிரி வரவேற்பு. அவரும் பாடகிதான், சீரியலின் டைட்டில் பாட்டே அவர் குரல்தான்.

அந்தப் பாதையில் வந்தவர் நதாலியா ஓரெய்ரோ. 1977ல் உருகுவேயின் மொந்தேவிதேயோவில் பிறந்தவர். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 35 லட்சம், நம் சென்னையைவிடக் குறைவு. பிழைப்புக்கு அர்ஜென்டினா போனார். 1998-99ல் "முன்யேக்கா பிராவா" என்ற சீரியல். கான்வென்டில் வளர்ந்த அநாதைப் பெண் மிலாக்ரோஸ், பணக்கார வீட்டில் வேலைக்காரியாகப் போகிறாள். தொப்பி போட்டுக்கொண்டு கால்பந்து ஆடுவாள், வாய்க்கு வாய் பேசுவாள். டைட்டில் பாட்டு நதாலியாவின் முதல் ஆல்பத்திலிருந்து. ரஷ்யாவில் "காட்டுத் தேவதை" என்ற பெயரில் அது ஒளிபரப்பானபோது, 1998 ஆகஸ்டில் ரூபிள் விழுந்த அடியிலிருந்து நாடு அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. வசனத்தின் மேல் ரஷ்யக் குரலை ஏற்றினார்கள், பாட்டை மட்டும் தொடவில்லை. விளைவு, வ்லாதிவொஸ்தோக் வரை பள்ளிப் பிள்ளைகள் ஸ்பானிஷ் வரிகளை மனப்பாடமாகப் பாடினார்கள். போலந்து, செக், இஸ்ரேல், உக்ரைன் என்று எல்லா இடத்திலும் இதே காய்ச்சல்தான்.

உள்ளூரில் அவர் மேலே மேலே போனார். சர்வாதிகாரக் காலத்தைப் பற்றிய படங்கள், 2016ல் "கில்டா"வில் விபத்தில் இறந்த கும்பியா பாடகியின் வேடம், 2022ல் ஈவா பெரோன் வேடம். பாடகியாக அவருடைய கடைசி ஸ்டுடியோ ஆல்பம் வந்தது 2002ல். அர்ஜென்டினாவில் அவரை "நடிகை" என்றுதான் சொல்வார்கள். ரஷ்யாவிலோ அந்தப் பழைய பாட்டுகளுக்கு அரங்கம் நிறைந்துகொண்டே இருந்தது. 2014ல் அங்கே ஊர் ஊராகப் போய்ப் பாடியதைப் படமெடுத்து "நாஷா நத்தாஷா" என்று ஒரு ஆவணப்படமே வந்திருக்கிறது. "எங்கள் நத்தாஷா" என்று பொருள். பார்த்தேன். ஒரு நாடு கஷ்டத்தில் இருந்தபோது கூட இருந்தவள் என்கிற உரிமை அந்த ரசிகைகள் முகத்தில் தெரிகிறது. "நான் அப்போ பத்து வயசு, வீட்டில் ஒன்றுமில்லை, மாலையானால் மிலாக்ரோஸ் வருவாள்" என்கிற தொனி.

இதுவரை இனிப்பு. 2018 ரஷ்ய உலகக் கோப்பைக்கு ஸ்பானிஷ், ஆங்கிலம், ரஷ்யன் மூன்றிலும் ஒரு பாட்டுப் பாடினார். 2021 நவம்பரில் அவருக்கு ரஷ்யக் குடியுரிமை வழங்கும் ஆணையில் அதிபர் புடின் கையெழுத்திட்டார். மூன்று மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. ரஃபாயேலை அன்று தத்தெடுத்தவர்கள் ரசிகர்கள். அரசு வேடிக்கை பார்த்தது, டிக்கெட் கிழித்தது, அவ்வளவுதான். உள்ளூரில் பிராங்கோ முத்திரை விழுந்த ஆள் அங்கே போனதும் அது உதிர்ந்தது. நதாலியாவை முதலில் தத்தெடுத்தவர்களும் ரசிகர்கள்தான், ஆனால் கடைசியில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அரசு. அதே சீரியலை அதே வயதில் பார்த்து அழுத பெண் கார்கிவிலும் இருக்கிறாள், வார்சாவிலும் இருக்கிறாள். அவர்களுக்கு "எங்கள் நத்தாஷா"வில் உள்ள அந்த "எங்கள்" இப்போது யார்? நதாலியா எந்தப் போரையும் தொடங்கவில்லை. குடியுரிமையை ஒரு மரியாதையாகத்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். என்றாலும் கார்கிவ் பெண்ணிடம் போய் "பாட்டு வேறு, பாஸ்போர்ட் வேறு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேண்டீனில் சண்டையை ஆரம்பித்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த ரஃபாயேல் பாட்டு ஒண்ணு போடு பார்ப்போம்" என்றான். 1966 யூரோவிஷன் வீடியோவைக் காட்டினேன். முதல் நிமிடம் கையையும் புருவத்தையும் பார்த்துச் சிரித்தான். மூன்றாவது நிமிடம் சிரிக்கவில்லை. "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டான்.