மூன்று படியும் ஒரு படியும்

தேர்தல் வாக்குறுதிகள் பொய்க்கக்கூடும் என்று அறிந்தும் மக்கள் ஏன் மீண்டும் மீண்டும் நம்புகிறார்கள்? அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவது படித்தவர்களின் வழக்கம். தமிழகத்தின் 1967ஆம் ஆண்டுத் தேர்தலைச் சற்றே கூர்ந்து நோக்கினால் அவ்விடை போதாது என்பது விளங்கும்.

1965, 66 ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நாடு எதிர்நோக்கியிருந்தது. அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. அவ்வேளையில்தான் 'ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றது தி.மு.க. 1965ஆம் ஆண்டு மொழிப்போராட்டத்தின் கோபமும் கூட்டணி வலிமையும் வெற்றிக்குக் காரணங்களே. ஆயினும் அடுப்படிவரை சென்ற சொல் அரிசிதான். காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகரில் காமராசரே தோற்றார்.

அவ்வாண்டு மே மாதம் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. கருவூலம் தாங்கவில்லை. மாநிலம் முழுவதும் பரவாமலே அது நின்றுபோயிற்று. எனினும் 1971இல் அக்கட்சி முன்னிலும் கூடுதலாக 184 இடங்களில் வென்றது.

கரிசல் காட்டுக் கிராமத்தில் வாழ்ந்த என் அப்பத்தா அந்த ஒரு படியைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் இருமுறையும் உதயசூரியனுக்கே வாக்களித்தவர். "ஏமாந்துட்டியே அப்பத்தா" என்றேன் ஒருமுறை. "படி வரலதான். ஆனா எங்க பசிய மேடையேறிச் சொன்னது அவுகதானய்யா" என்றார்.

வாக்குறுதிக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'உன் துயரை அறிவேன்' என்பது ஒன்று. 'அதைத் தீர்ப்பேன்' என்பது மற்றொன்று. முதலாவது மேடையிலேயே நிறைவேறிவிடுகிறது. அப்பத்தா நம்பியது அதைத்தான். இரண்டாவதை அவர் கடன்சீட்டாக மடித்து வைத்துக்கொண்டார்.

அச்சீட்டு செல்லாக்காசாகவும் இல்லை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 2006இல் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாயாயிற்று. 2011இல் விலையின்றியே கிடைத்தது. எந்த ஆட்சியும் அரிசியை மறந்து வாக்குக் கேட்க இயலவில்லை.

ஆனால் இடையே 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பத்தா அதைக் காண இல்லை. துயரைச் சொல்வதே பாதி வெற்றி என்பதை ஆள வருவோர் எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். மீதிப் பாதிக்குத் தவணை கேட்கிறார்கள். நம்பியவர்களைப் பழிப்பதைவிட, அந்தத் தவணையை நீட்டியவர்கள் யார் என்று கேட்பதே வரலாறு படிப்போர் செய்யத்தக்கது.