தாத்தாவின் டபுள் பேரல் துப்பாக்கி... எந்தத் தோட்டா பாதுகாப்பானது?

தேர்தல் அறிவிச்சதும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, முடிஞ்சதும் திரும்ப வாங்கி வர்ற துப்பாக்கி, சேலம், நாமக்கல் பக்கம் சில பழைய வீடுகளில் இன்னும் இருக்கு. பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல். தாத்தாவுக்குப் பிறகு அது உங்கள் கைக்கு வந்தால், ‘12 போர்தானே, எந்தத் தோட்டாவும் போடலாம்’னு மட்டும் நினைச்சுடாதீங்க.

முதல்ல லைசென்ஸ்!

உரிமையாளர் இறந்ததும் துப்பாக்கியையும் மிச்சமுள்ள தோட்டாக்களையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கணும். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவை. நாமக்கல் 1997-ல்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதனால் தாத்தாவின் பழைய உரிமம் சேலத்தில் வாங்கியதாக இருக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வாங்குவதும் குற்றம்தான்.

5 மில்லிமீட்டர் வித்தியாசம்

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது; அதாவது 65 மி.மீ. இன்று பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. இதுவும் அந்த அறைக்குள் சுலபமா போயிடும், சிக்கலே அங்கதான். பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதியில் நெருக்க, அழுத்தம் எகிறும். 65-க்கு 65 மட்டுமே!

குழலைப் பாருங்க

குழலில் அலை அலையா கோலம் போட்ட மாதிரி தெரியுதா? அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இவற்றில் பல, கரிமருந்துக் காலத்தவை. குழலின் அடியில் சோதனை முத்திரைகள் இருக்கும். ‘நைட்ரோ’ சோதனை முத்திரை இல்லையென்றால் இன்றைய தோட்டா வேண்டாம். முத்திரை இருந்தாலும் உள்ளே துரு அரித்து, சுவர் மெலிந்திருக்கலாம். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

இவை வேண்டவே வேண்டாம்

* பரணில் கிடைத்த, ஊறிப்போன பழைய காகிதத் தோட்டா
* யாரோ வீட்டில் மருந்து அடைத்துக் கொடுத்தது
* ‘மேக்னம்’ வகை, எஃகுக் குண்டு நிரப்பியவை
* 12 போருடன் கலந்து வைத்த 20 போர் தோட்டா. சிறிய அது குழலுக்குள் நழுவி நின்றுவிடும். காலியென நினைத்துப் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். பல நாடுகளில் 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதனால்தான்.

டீலரிடம் போகும்போது லைசென்ஸோடு, மெக்கானிக் குறித்துக் கொடுத்த அறை நீளத்தையும் கொண்டு போங்க. ‘65 மி.மீ., குறைந்த அழுத்தம், ஈயக் குண்டு’ எனக் கேளுங்க. கிடைக்கலைன்னா சுடாமலே வைத்திருங்கள். தாத்தா ஞாபகத்துக்குத் துப்பாக்கி போதும், தோட்டா எதுக்கு?